ஃபிஷரின் 200 அட்டைகள்: பன்மாறித் தரவில் குழு ஒப்பீட்டின் பரவல் சாரா மரபு குறித்து

பரவல் சாராச் சோதனைகளின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ரொனால்ட் ஃபிஷர் 1935இல் வெளியிட்ட 'தி டிசைன் ஆஃப் எக்ஸ்பெரிமென்ட்ஸ்' நூலின் 21ஆம் பிரிவிலிருந்து தொடங்குகிறார்கள். அந்தத் தொடக்கத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்பதையும் ஃபிஷரே 25 ஆண்டுகள் கழித்து எழுதிவைத்தார். 1960இல் வந்த ஏழாம் பதிப்பில் 21ஆம் பிரிவை அடுத்து 21.1 என்ற சிறு பகுதியைச் சேர்த்தார். அதில் மூன்று கூற்றுகளை முதலில் குறிப்பிட வேண்டும். சமவாய்ப்பாக்கம் என்ற செயலை அடித்தளமாகக் கொண்ட சோதனைகளின் பேரில் அண்மைக்காலத்தில் அளவுமீறிய உரிமைகள் கோரப்படுகின்றன என்பது ஒன்று. அவ்வகையில் தமது 1935ஆம் ஆண்டு எடுத்துக்காட்டே மற்றவற்றுக்குப் பல ஆண்டுகள் முந்தியது என்பது இரண்டு. இயல்நிலைப் பரவலைச் சார்ந்த வழக்கமான சோதனைகளின் இடத்தைப் பிடிப்பதற்காக அது முன்வைக்கப்படவில்லை என்பது மூன்று.

மூன்றாவது கூற்று இன்றும் வகுப்பறைகளில் உயிரோடிருக்கிறது. டி-சோதனை தரும் விடையை ஐயுறுவோருக்கு மனநிறைவு தரும் துணைச்சான்று என்ற அளவில்தான் வரிசைமாற்றச் சோதனை அங்கே அறிமுகமாகிறது. ஒரே ஓர் அளவை மட்டும் வைத்து இரு குழுக்களை ஒப்பிடும் இடத்தில் இந்த வாசிப்போடு பெரிதாக மோத வேண்டியதில்லை. ஆனால் ஒரே ஆளிடம், ஒரே மண்டையோட்டில், ஒரே கடலடிச் சேற்று மாதிரியில் எடுத்த பல அளவுகளை ஒருசேர வைத்துக் குழுக்களை ஒப்பிடும்போது இவ்வாசிப்பு நிற்காது என்பதே இக்கட்டுரையின் வாதம். பன்மாறித் தரவில் வரிசைமாற்றம் துணைச்சான்று அல்ல; பல இடங்களில் அதுவே முதற்சான்று. அவ்வாறு ஆவதற்கான வித்து ஃபிஷர் 1936இல் எழுதிய ஒரு கட்டுரையிலேயே கிடக்கிறது. 1960இன் ஃபிஷரை 1936இன் ஃபிஷரைக் கொண்டு மறுக்க முடியும்.

1. 15 இணைகள்

21ஆம் பிரிவின் எடுத்துக்காட்டு அறிந்ததே. அயல் மகரந்தச் சேர்க்கையால் வந்த மக்காச்சோளச் செடிகளையும் தன் மகரந்தச் சேர்க்கையால் வந்தவற்றையும் இணையிணையாக வளர்த்து டார்வின் எடுத்த உயரங்கள் அவை. மொத்தம் 15 இணைகள். இரு வகைக்கும் வேறுபாடே இல்லையெனில் ஒவ்வோர் இணையின் உயர வேறுபாடும் கூட்டல் குறியோடு வந்திருக்கலாம், கழித்தல் குறியோடும் வந்திருக்கலாம். ஆக 32,768 குறியமைப்புகள். டார்வினின் தரவில் வேறுபாடுகளின் கூட்டுத்தொகை, அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கை அலகாகக் கொண்டால், 314. இந்த அளவையோ இதற்கு மேலோ தரும் குறியமைப்புகள் 863. இரு பக்கமும் சேர்த்தால் 5.267 விழுக்காடு. டி-சோதனை தந்தது 4.970 விழுக்காடு. இரண்டும் நெருங்கி நிற்கின்றன. வரிசைமாற்றம் வழக்கமான சோதனையை உறுதிப்படுத்தும் துணைச்சான்றே என்ற 1960ஆம் ஆண்டு வாசிப்புக்கு இந்த நெருக்கமே ஆதாரம்.

இங்கு இரண்டு செய்திகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். முதலாவது, காலம் பற்றியது. 1935க்கு இரண்டாண்டு முன்பே டி. ஈடனும் ஃபிராங்க் யேட்ஸும் கோதுமைப் பயிரின் உயர அளவுகளை எடுத்துக்கொண்டு, தொகுதிகளுக்குள் அவற்றைச் சமவாய்ப்பாக 1,000 முறை மாற்றியடுக்கி, ஃபிஷரின் இசட்-சோதனை இயல்நிலையற்ற தரவிலும் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்த்து அச்சிட்டிருந்தார்கள். ரோதம்ஸ்டெட்டிலும், பின்னர் இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்திலும் பணியாற்றியவர் ஈடன். யேட்ஸ் ஃபிஷரின் உடன் உழைப்பாளர். எனவே பல ஆண்டுகள் முந்தியது என்ற இரண்டாம் கூற்றை அப்படியே ஏற்க முடியவில்லை. எல்லாக் குறியமைப்புகளையும் விடாமல் எண்ணியது ஃபிஷர்தான், ஈடனும் யேட்ஸும் சிலவற்றை மட்டும் சமவாய்ப்பாக எடுத்தார்கள் என்று ஒருவர் வேறுபடுத்தலாம். அந்த வேறுபாட்டை ஏற்றாலும், இன்று கணினியில் நாம் செய்வது ஈடனும் யேட்ஸும் செய்ததையே.

இரண்டாவது இன்னும் முக்கியமானது. 1960ஆம் ஆண்டுப் பகுதி சமவாய்ப்பாக்கத்தை உண்மையில் நிகழ்த்திய ஒரு செயலாகப் பேசுகிறது: எந்தச் செடி எந்த இடத்தில் என்று சோதனையாளர் குலுக்கிப் போட்டுத் தீர்மானிப்பது. டார்வின் அப்படிக் குலுக்கவில்லை. அவரது செய்முறையின் ஒரே குறையாக ஃபிஷர் அதே நூலில் எடுத்துக்காட்டுவது இதைத்தான். அப்படியென்றால் 32,768 குறியமைப்புகளும் சமமான நிகழ்தகவு உடையவை என்பது, டார்வினின் தரவைப் பொறுத்தவரை, நடந்த செயலிலிருந்து பிறந்ததன்று, கருதுகோளிலிருந்து பிறந்தது. இந்த வேறுபாடு 1935இல் மங்கலாகத் தெரிகிறது. 1936இல் அது வெளிப்படையாகிறது.

2. 1936: ஒரு பத்தி

அரச மானிடவியல் கழகத்தின் ஆய்விதழின் 66ஆம் தொகுதியில் ஃபிஷர் எழுதிய கட்டுரை, கார்ல் பியர்சனின் 'இன ஒப்புமைக் கெழு'வையும் மண்டையோட்டு அளவியலின் எதிர்காலத்தையும் பற்றியது. மிரியம் டில்டெஸ்லி 1921இல் வெளியிட்ட பர்மிய மண்டையோடுகள் பற்றிய ஆய்வில் பயன்பாட்டுக்கு வந்த கெழு அது. இரண்டு மண்டையோட்டுத் தொகுப்புகளில் நீளம், அகலம், உயரம் எனப் பல அளவுகளை எடுத்து, ஒவ்வோர் அளவிலும் சராசரிகளின் வேறுபாட்டை அதன் திட்டவிலக்கத்தோடு ஒப்பிட்டு வர்க்கப்படுத்தி, எல்லாவற்றின் சராசரியையும் எடுப்பது அதன் முறை. மனிதரை இனம் பிரித்து வரிசைப்படுத்த முனைந்த ஒரு துறையின் கருவி அது. அந்த நோக்கத்தை இன்றைய அறிவியல் ஏற்பதில்லை; நாம் ஏற்கவும் கூடாது. ஆனால் பல அளவுகளை ஒருங்கே வைத்துக் குழுக்களை ஒப்பிடும் கணிதச் சிக்கல் முதன்முதலில் கூர்மையடைந்தது அங்கேதான்.

கெழுவின் குறை அளவுகளுக்கிடையே உள்ள ஒட்டுறவை அது கண்டுகொள்ளாததில் இருந்தது. பெரிய மண்டையோடு நீளத்திலும் பெரிதாக இருக்கும், அகலத்திலும் பெரிதாக இருக்கும். ஒரே வேறுபாட்டைக் கெழு பல முறை எண்ணிவிடுகிறது. கூடவே, மாதிரியின் எண்ணிக்கை கூடக் கூடக் கெழுவும் கூடும். எனவே அது சோதனையா, தொலைவின் அளவா என்ற குழப்பம். 1930இல் கல்கத்தாவைச் சேர்ந்த மகலனோபிஸ் குழு வேறுபாட்டின் சோதனைகளையும் அளவுகளையும் தனித்தனியே பேசியது இக்குழப்பத்தைக் களையவே. ஒட்டுறவையும் உட்கொண்ட அவரது தொலைவு அளவு 1936இல் முழு வடிவம் பெற்று அச்சேறியது.

இந்தச் சண்டையின் நடுவில், மானிடவியலாளர்களுக்கு முக்கியத்துவச் சோதனை என்றால் என்ன என்று விளக்கும் கட்டாயம் ஃபிஷருக்கு நேர்கிறது. அங்கேதான் அந்தப் பத்தி வருகிறது. 100 ஆங்கிலேயர், 100 பிரெஞ்சுக்காரர், ஒவ்வொருவரின் உயரமும் அளக்கப்பட்டிருக்கிறது. முதற்குழுவின் சராசரி ஓர் அங்குலம் அதிகம் என்று கொள்வோம் என்கிறார். 200 உயரங்களையும் 200 அட்டைகளில் எழுதிக் கலைத்து, நூறு நூறாகப் பிரிக்க வேண்டும். பிரிக்கும் வழிகள் எல்லாவற்றிலும் எத்தனை பங்கில் ஓர் அங்குலமோ அதற்கு மேலோ வேறுபாடு வருகிறது என்று பார்க்க வேண்டும். புள்ளியியலாளர் இந்த எளிய, சலிப்பூட்டும் வேலையை உண்மையில் செய்வதில்லை. ஆனால் அவர் எட்டும் முடிவுக்கு, இந்த வேலையைச் செய்திருந்தால் கிடைக்கும் முடிவோடு அது ஒத்துப்போகிறது என்பதைத் தவிர வேறு நியாயம் கிடையாது. பத்தியின் சாரம் இதுதான்.

இப்பத்தியை 21.1ஆம் பகுதிக்கு அருகில் வைத்துப் படிக்க வேண்டும். 1960இல் அட்டைகள் வழக்கமான சோதனையின் அட்டவணையை உறுதிப்படுத்துகின்றன. 1936இல் அட்டவணை அட்டைகளைச் சார்ந்து நிற்கிறது. எது அடித்தளம், எது மேற்கட்டு என்பதே தலைகீழாகிவிட்டது. ஒரே ஆசிரியர் கால் நூற்றாண்டில் கருத்தை மாற்றிக்கொண்டார் என்று சொல்லி இதைக் கடந்துவிடலாம். அவர் மாற்றிக்கொண்டதாக எங்கும் சொல்லவில்லை என்பதுதான் சிக்கல். 21.1ஆம் பகுதி தன்னை 1935இன் விளக்கமாகவே காட்டிக்கொள்கிறது. 1936 அதில் இடம்பெறவே இல்லை.

இரண்டாவதாக, இந்த 200 பேரை யாரும் குலுக்கிப் போட்டு ஆங்கிலேயராகவும் பிரெஞ்சுக்காரராகவும் ஆக்கவில்லை. செயலாக நிகழ்ந்த சமவாய்ப்பாக்கம் என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை. இரு குழுக்களும் ஒரே முழுமைத்தொகுதியிலிருந்து வந்தவையென்றால் அட்டைகளின் மேலுள்ள குழுப்பெயர்கள் இடம் மாறலாம் என்ற கருதுகோள் மட்டுமே உண்டு. ஆக 1960இன் விவரிப்பு 1936இன் அட்டைகளைத் தழுவவில்லை. வரிசைமாற்ற மரபுக்கு இரண்டு ஊற்றுகள் உண்டு: வயலில் நடந்த குலுக்கல் ஒன்று, கருதுகோளில் நடக்கும் கலைப்பு மற்றொன்று. மண்டையோடுகள், கடலடி உயிரிகள், நோயாளிகளின் இரத்த அளவுகள் என்று பன்மாறித் தரவின் பெரும்பகுதி இரண்டாம் ஊற்றைச் சேர்ந்தது. ஃபிஷர் தம் பிற்கால வாசிப்பில் முதல் ஊற்றை மட்டுமே கணக்கில் எடுத்தார்.

என் வாதம் மெலிந்திருக்கும் இடமும் இதுவே. 1936இன் ஒவ்வோர் அட்டையிலும் எழுதப்பட்டிருப்பது ஒரே ஓர் எண். கட்டுரை முழுவதும் பல அளவுகளைப் பற்றியது. அட்டைப் பத்தி மட்டும் உயரம் ஒன்றை எடுத்துக்கொள்கிறது. ஒட்டுறவைக் கணக்கில் கொள்ளாததுதான் பியர்சனின் பிழை என்று காட்டும் ஃபிஷர், ஒரு மண்டையோட்டின் எல்லா அளவுகளையும் ஒரே அட்டையில் எழுதிக் கலைத்தால் ஒட்டுறவு தானாகவே காப்பாற்றப்பட்டுவிடும் என்று எழுதவில்லை. அதே ஆண்டு ஐரிஸ் மலர்களைக் கொண்டு அவர் வெளியிட்ட பிரித்தறி சார்பு வேறு வழியில் போனது. 1938இல் அதை ஹோட்டலிங்கின் பன்மாறிச் சோதனையளவான டி-வர்க்கத்தோடும் மகலனோபிஸின் தொலைவோடும் இணைத்தபோதும் அட்டைகள் திரும்பி வரவில்லை.

அப்படியிருந்தும் அட்டைப் பத்தியைப் பன்மாறி மரபின் வித்து என்று நான் சொல்வதற்குக் காரணங்கள் உண்டு. இணைக்கத் தேவையானவை எல்லாம் ஒரே கட்டுரையின் சில பக்கங்களுக்குள் இருக்கின்றன. கெழுவின் பிழையை அட்டைகளின் மொழியில் சொன்னால், ஒவ்வொரு மண்டையோட்டின் அட்டையையும் அளவு அளவாகக் கிழித்துத் தனித்தனியே எண்ணியதுதான் அது. கிழிக்காமல் கலைப்பதே அதற்கு மாற்று. இப்பத்தி மானிடவியலாளர்களுக்கான எளிய விளக்கம் மட்டுமே, அதன் மேல் இவ்வளவு பாரம் ஏற்றக் கூடாது என்று ஒருவர் மறுக்கலாம். கணிதம் அறிந்தோர் அவையில் சொல்லாமல் விடக்கூடிய அடித்தளத்தை மற்றவர் அவையில்தான் சொல்லியாக வேண்டும். எளிய விளக்கம் என்பதாலேயே அது அடித்தளத்தைத் தொடுகிறது என்பது என் விடை. 200 அட்டைகளை நூறு நூறாகப் பிரிக்கும் வழிகளின் எண்ணிக்கை 59 இலக்கம் கொண்டது, எனவே இது வெறும் எண்ணப் பயிற்சி என்ற மறுப்பும் எழலாம். எல்லா வழிகளும் தேவையில்லை, 1,000 வழிகளைச் சமவாய்ப்பாக எடுத்தால் போதும் என்பதை மூன்றாண்டு முன்பே ஈடனும் யேட்ஸும் செய்து காட்டிவிட்டார்கள்.

3. அட்டை கிழியாமல் கலைந்தது எப்போது?

ஒரு மாறிக்கான வரிசைமாற்றக் கோட்பாட்டை 1937, 1938 ஆண்டுகளில் மூன்று கட்டுரைகளாக எழுதியவர் எட்வின் பிட்மன்: இரு மாதிரிகளின் சராசரி, ஒட்டுறவு, மாறுபாட்டுப் பகுப்பாய்வு. எந்த முழுமைத்தொகுதியிலிருந்து வந்த மாதிரிக்கும் பொருந்தும் சோதனைகள் என்று தலைப்பிலேயே அவர் சொல்லிவிடுகிறார், குலுக்கலை நிபந்தனையாக்கவில்லை. அவர் நிற்பது 1936இன் பக்கம். ஆயினும் அவரது இரு மாதிரிச் சோதனையிலும் ஒவ்வோர் ஆளுக்கும் ஒரே எண்தான்.

பல எண்கள் கொண்ட அட்டை முழுதாகக் கலைக்கப்படுவதை ஆப்ரஹாம் வால்டும் ஜேக்கப் வுல்ஃபோவிட்ஸும் 1944இல் எழுதிய கட்டுரையில் தெளிவாகக் காண்கிறோம். வரிசைமாற்றங்களை அடிப்படையாகக் கொண்ட சோதனைகளின் எல்லைப் பரவலைப் பொதுவாக ஆராயும் அக்கட்டுரையின் பிற்பகுதி ஹோட்டலிங்கின் டி-வர்க்கத்தை எடுத்துக்கொள்கிறது. ஹோட்டலிங் 1931இல் அதை இயல்நிலைப் பரவலுக்காகப் படைத்திருந்தார். வால்டும் வுல்ஃபோவிட்ஸும் அந்தக் கருதுகோளை விலக்கிவிட்டு, ஒவ்வோர் உறுப்பினரின் அளவுகளையும் ஒன்றாகக் கட்டிவைத்துக் குழுப்பெயர்களை மட்டும் மாற்றுகிறார்கள். மாதிரி பெரிதாகும்போது இதன் பரவல் கை-வர்க்கப் பரவலை நெருங்குகிறது.

குழுப்பெயர்களை எப்படி மாற்றினாலும், எல்லா உறுப்பினர்களையும் ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிடும் மொத்த உடன்மாறுபாட்டு அணி மாறுவதில்லை. மாறுவது சராசரிகளின் வேறுபாடு மட்டுமே. எனவே அந்த அணியின் நேர்மாற்றை ஒரு முறை கண்டால் போதும். அதைக் கொண்டு அளந்த தொலைவு, டி-வர்க்கத்தோடு சேர்ந்தே ஏறியிறங்கும். ஒட்டுறவை மதிப்பிட்டுத் திருத்த வேண்டிய தொல்லையாக மகலனோபிஸ் கண்ட ஒன்று, கலைப்பின் உள்ளே மாறாத பின்னணியாகிவிடுகிறது. பியர்சனோடு நடந்த சண்டை கேட்ட கேள்விக்கு அட்டைகள் தரும் விடை இதுதான்.

1944ஐ முதல் ஆண்டு என்று நான் முத்திரை குத்தவில்லை. அச்சில் தெளிவாக நிற்கும் ஆண்டு அது என்றே சொல்கிறேன். 1936இன் அட்டைப் பத்தியிலிருந்து 1944க்கு நேர்க்கோடு இழுக்கவும் போதிய சான்று இல்லை. இரண்டும் ஒரே தருக்கத்தைப் பின்பற்றுகின்றன என்பது வேறு, ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்பது வேறு.

4. கல்கத்தா, 1964

வரிசைமாற்றம் ஒரு கிளை என்றால் தரவரிசை மற்றொரு கிளை. வில்காக்சன் 1945இலும் மானும் விட்னியும் 1947இலும் தந்த சோதனைகளின் வலிமை எங்கே இருந்தது? எண்களை நீக்கிவிட்டு அவற்றின் வரிசை இடங்களை மட்டும் வைத்துக்கொண்டால், வேறுபாடு இல்லை என்ற நிலையில் அந்த இடங்களின் பரவல் எல்லாத் தரவுக்கும் ஒன்றே. அட்டவணையை ஒரு முறை அச்சிட்டால் உலகம் முழுவதற்கும் போதும். இரண்டு மாறிகள் வந்தவுடன் இந்த வசதி உடைகிறது. ஒவ்வொரு மாறிக்கும் தனித்தனியே வரிசை இடம் கொடுத்தாலும், முதல் மாறியில் மேலே உள்ளவர் இரண்டாம் மாறியிலும் மேலே இருப்பாரா என்பது அறியாத ஒட்டுறவைப் பொறுத்தது. பொது அட்டவணை எதுவும் செல்லாது.

இதற்குத் தீர்வு கல்கத்தாவிலிருந்து வந்தது. கல்கத்தா புள்ளியியல் சங்கத்தின் இதழில் 1964இல் ஷௌதிர் கிஷோர் சாட்டர்ஜியும் பிரணாப் குமார் சென்னும் இரு மாறிகளில் இரு மாதிரிகளின் இட ஒப்பீட்டுக்குத் தந்த தீர்வு, தரவரிசை வரிசைமாற்றக் கோட்பாடு என்று பெயர் பெற்றது. வரிசை இடங்களை இரு வரிகள் கொண்ட அணியாக எழுதுங்கள். ஒவ்வொரு நிரலும் ஓர் ஆள். நிரல்களைப் பிரிக்காமல் அவற்றை மட்டும் இடம் மாற்றுங்கள். கையில் உள்ள இந்த அணியை நிபந்தனையாகக் கொண்டால் எல்லா நிரல் மாற்றங்களும் சமமான நிகழ்தகவு உடையவை. சோதனை பரவல் சாராதது. மீண்டும் அதே அட்டைதான். இம்முறை அதில் எழுதப்பட்டிருப்பவை வரிசை இடங்கள்.

மதன் லால் பூரியும் சென்னும் 1966இல் 'சாங்கியா' இதழில் இதைப் பல குழுக்களுக்கும் பல மாறிகளுக்கும் விரித்தார்கள். 1971இல் வந்த அவர்களது நூல் துறைக்கு முழு வடிவம் தந்தது. குறையும் உடன் வந்தது. வரிசை இடங்கள் ஒவ்வோர் அச்சிலும் தனித்தனியே தரப்படுவதால், அச்சுகளைச் சுழற்றினால் விடை மாறுகிறது; டி-வர்க்கம் அப்படி மாறாது. பிற்காலத்தில் ஹன்னு ஓயா, புரோபல் சௌத்ரி போன்றோர் வெளிசார் குறிகளையும் தரங்களையும் தேடிப் போனது இக்குறையைப் போக்கவே.

மகலனோபிஸின் நகரிலிருந்தே இத்தீர்வு வந்தது தற்செயலா? 1930களில் கல்கத்தாவில் தொலைவின் பரவலுக்கு உழைத்த ஆர். சி. போஸ், எஸ். என். ராய் போன்றோர் இயல்நிலைப் பரவலின் வழியேதான் நடந்தார்கள். சாட்டர்ஜியும் சென்னும் அதைக் கைவிட்டார்கள். கணித வழியில் தொடர்ச்சி இல்லை. ஆனால் பல அளவுகளை ஒட்டுறவோடு சேர்த்தே பார்க்க வேண்டும் என்ற வற்புறுத்தல் அந்நகரத்துப் புள்ளியியலில் ஒரு தலைமுறைக்கும் மேலாக ஊறியிருந்தது. இதைச் சூழ்நிலைச் சான்று என்ற அளவில் முன்வைக்கிறேன்.

5. உறுதிப்படுத்த எதுவும் இல்லாத இடம்

1960ஆம் ஆண்டு வாசிப்பு முற்றிலும் உடைவது கடலில். நார்வேயின் ஃபிரியர்ஃபியோர்டில் 6 இடங்கள், இடத்திற்கு 4 என்று 24 சேற்று மாதிரிகள். அவற்றில் எண்ணப்பட்ட உயிரினங்கள் 100க்கும் மேல். இடங்களுக்குள் உள்ள உடன்மாறுபாட்டை மதிப்பிட நம்மிடம் இருப்பது 18 வரையற்ற பாகைகள். 100க்கு மேற்பட்ட மாறிகளுக்கு அந்த அணியின் அணிக்கோவை பூச்சியமாகும். அதற்கு நேர்மாறு கிடையாது. டி-வர்க்கமும் அதன் பல குழு வடிவங்களும் கணக்கிடவே முடியாதவை. தரவின் பெரும்பகுதி பூச்சியங்கள் என்பது வேறு. இங்கே வரிசைமாற்றம் எதை உறுதிப்படுத்தும்? உறுதிப்படுத்த எந்த அட்டவணையும் இல்லை. 1936இன் சொற்படி, அட்டைகளைத் தவிர வேறு நியாயம் இல்லாத இடம் இதுவே.

பிளிமத் கடல் ஆய்வகத்தைச் சேர்ந்த ராபர்ட் கிளார்க் 1993இல் விளக்கிய 'அனோசிம்' இத்தகைய தரவுக்காக எழுந்தது. மாதிரிகளுக்கிடையே உள்ள ஒப்பின்மைகள் அனைத்தையும் தரவரிசைப்படுத்தி, குழுக்களுக்கிடையே உள்ள சராசரித் தரத்திலிருந்து குழுவுக்குள் உள்ள சராசரித் தரத்தைக் கழித்து, பின் மாதிரிகளின் குழுப்பெயர்களைக் கலைக்கிறார். மார்ட்டி ஆண்டர்சன் 2001இல் தந்த முறை, பின்னர் 'பெர்மனோவா' என்று பெயர் பெற்றது, தரங்களை விட்டுத் தொலைவுகளின் வர்க்கங்களையே எடுத்தது. மையத்திலிருந்து எடுத்த வர்க்கங்களின் கூட்டுத்தொகையை, புள்ளிகளுக்கிடையேயான தொலைவு வர்க்கங்களின் கூட்டுத்தொகையை எண்ணிக்கையால் வகுத்தே பெறலாம் என்ற பழைய சமன்பாடு அதன் உயிர். இதனால் அணியின் நேர்மாறே தேவையில்லை. பல காரணிகளையும் அவற்றின் இடைவினையையும் பிரித்துச் சோதிக்க முடிகிறது. ஒரே மாறியும் வழக்கமான தொலைவும் இருந்தால் அதன் விகிதம் ஃபிஷரின் எஃப் விகிதமாகவே ஆகிவிடும்.

21.1ஆம் பகுதியின் கூர்மையான குற்றச்சாட்டுக்கும் இங்கே விடை சொல்லியாக வேண்டும். இச்சோதனைகள் சோதனையாளர் தம் பொருளைப் பற்றி அறிந்ததைவிடக் குறைவாக அறிந்ததாகப் பாவனை செய்கின்றன, அறியாமையைத் தவறாகக் கருதிக்கொள்வது தீங்கற்றதன்று என்கிறார் ஃபிஷர். கனமான கருத்து இது. ஆனால் பிரே, கர்ட்டிஸ் பெயரால் வழங்கும் ஒப்பின்மை அளவைச் சூழலியலாளர் தேர்ந்தெடுப்பது எதனால்? ஓர் உயிரினம் இரண்டு இடங்களிலும் இல்லை என்பது அவ்விரு இடங்களும் ஒத்தவை என்பதற்குச் சான்றாகாது என்று அவருக்குத் தெரியும். அந்த அறிவு தொலைவின் தேர்வில் நுழைகிறது. இயல்நிலைப் பரவலைக் கருதியிருந்தால், பூச்சியங்கள் நிறைந்த தரவைப் பற்றி அறியாததை அறிந்ததாகப் பாவனை செய்தவர் அவராகவே இருந்திருப்பார். பொருளறிவு சோதனையிலிருந்து போய்விடவில்லை. பரவலின் வடிவத்திலிருந்து தொலைவின் வடிவத்துக்கு இடம் மாறியிருக்கிறது.

கலைப்புக்கு எல்லையும் உண்டு. இரண்டு இடங்களை மட்டும், இடத்திற்கு 4 மாதிரிகளோடு ஒப்பிட்டால், வேறுபட்ட பிரிப்புகள் 35 மட்டுமே. எவ்வளவு தெளிவான வேறுபாடும் 35இல் ஒன்றுக்குக் கீழே, அதாவது ஏறத்தாழ 2.9 விழுக்காட்டுக்குக் கீழே இறங்க முடியாது. மாதிரி எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது மாறிகளை எத்தனை கூட்டினாலும் இந்த எல்லை நகராது.

6. ஃபிஷர் சரியாக அஞ்சியது

21.1ஆம் பகுதியின் எச்சரிக்கையில் ஒரு பங்கு நிலைக்கிறது. அட்டைகள் கேட்கும் கேள்வி, இரு குழுக்களும் ஒரே முழுமைத்தொகுதியிலிருந்து வந்தவையா என்பது. சராசரிகள் சமமா என்பதன்று. சராசரி ஒன்றாக இருந்து சிதறல் மட்டும் வேறுபட்டாலும் குழுப்பெயர்கள் இடமாற்றத்தக்கவை அல்ல. தொலைவு சார்ந்த முறைகள் இடத்தையும் சிதறலையும் கலந்துவிடுகின்றன என்று டேவிட் வார்ட்டனும் உடனாசிரியர்களும் 2012இல் எழுதினார்கள். ஆண்டர்சனும் டேனியல் வால்ஷும் 2013இல் செய்த ஒப்பீட்டில், அனோசிம் சிதறல் வேறுபாட்டுக்கு மிகவும் ஆட்படுவதும், பெர்மனோவா சமமான எண்ணிக்கை கொண்ட குழுக்களில் பெரிதும் தாக்குப்பிடிப்பதும் தெரிந்தது. எண்ணிக்கை சமமில்லாமல், சிறிய குழுவின் சிதறல் பெரிதாக இருந்தால் பெர்மனோவாவும் இல்லாத வேறுபாட்டை இருப்பதாகக் காட்டும்.

இதைத் தொலைவு முறைகளின் தனிக்குறை என்று படிப்பதில் எனக்கு முழு உடன்பாடில்லை. சராசரியையும் சிதறலையும் இணைக்கும் தொடர்பைத் தொலைவுகள் தவறாகக் கையாளலாம் என்ற வார்ட்டனின் கூற்று சரி. ஆனால் குழப்பத்தின் வேர் தொலைவில் தொடங்கவில்லை. 1936இன் அட்டைகளிலேயே இருக்கிறது. ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் ஆகிய குழுக்களின் எண்ணிக்கை வேறுபட்டு, ஒன்றின் உயரங்கள் மற்றதைவிட அகலமாகச் சிதறியிருந்தால், உயரம் என்ற ஒரே மாறியிலும் இதே சிக்கல் எழும். இயல்நிலைக் கோட்பாட்டில் இதற்குப் பெரென்ஸ்-ஃபிஷர் சிக்கல் என்று பெயர். பன்மாறித் தரவில் சிதறலுக்குப் பல திசைகள் உண்டு என்பதால் அது பெரிதாகத் தெரிகிறது.

7. எஞ்சுவது

இந்த மரபின் மையம் தொலைவும் அன்று, தரமும் அன்று. ஓர் உறுப்பினரின் அளவுகளைப் பிரிக்காமல் உறுப்பினரை முழுதாக இடம் மாற்றுவதே அதன் மையம். 1944இல் எண்களோடும், 1964இல் வரிசை இடங்களோடும், 1993இலும் 2001இலும் தொலைவுகளோடும் அதே செயல் நடக்கிறது. அண்மையில் மார்க் ஹாலினும் உடனாசிரியர்களும், வேறு வழியில் நபருன் தேப், போதிசத்வ சென் ஆகியோரும், உகந்த இடப்பெயர்ப்புக் கோட்பாட்டைக் கொண்டு பல பரிமாணங்களுக்குமான தரவரிசையை வகுத்திருக்கிறார்கள். அதில் தரங்களின் பரவல் அறியாத ஒட்டுறவைச் சாராது. 1964இல் தேவைப்பட்ட நிபந்தனையும் தேவையில்லை. ஒரு மாறிக்கு இருந்த பொது அட்டவணை பல மாறிகளுக்கும் மீண்டும் கிடைக்கிறது. அங்கும் ஒவ்வொரு புள்ளியும் முழுப் புள்ளியாகவே தரம் பெறுகிறது.

தீராதவையும் உண்டு. முழு அட்டையை முதலில் கலைத்தவர் யார் என்பதற்கு 1944ஐ மேல் எல்லையாக வைத்திருக்கிறேன். அது கீழே நகரக்கூடும். 1936இன் பத்தியைப் பன்மாறியின் வித்து என்பது என் வாசிப்பு. ஃபிஷரின் வாக்குமூலம் அன்று. ஆனால் வரிசைமாற்றம் வழக்கமான சோதனைகளின் துணைச்சான்று மட்டுமே என்ற 21.1ஆம் பகுதியின் வாசிப்பை, 24 மாதிரிகளும் 100க்கு மேற்பட்ட மாறிகளும் உள்ள தரவின் முன்னால் நிறுத்திக் காப்பாற்ற முடியாது. குழுக்களை ஒப்பிடுவோர் அட்டைகளைக் கலைக்குமுன் தம் கேள்வி 'ஒரே தொகுதியா' என்பதா, 'ஒரே சராசரியா' என்பதா என்று தீர்மானித்து, இரண்டாவதென்றால் சிதறலைத் தனியே சோதித்து, குழு எண்ணிக்கையைச் சமமாக வைத்துக்கொள்வதே இந்த வரலாறு தரும் நடைமுறைப் பாடம்.